ஒரே பேருந்து இரண்டாகத் தெரிகிறது: ஸ்டிக்கர் பிரிசம் போதுமா, லென்ஸிலேயே அரைத்துவிடலாமா?

யீஷூன்_மணி | அக்டோபர் 18, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 57 வயது. 14 ஆண்டாக நீரிழிவு, கூடவே இரத்த அழுத்தம். பத்து நாளுக்கு முன் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன், 858 வருகிறது. அதை ஒட்டினாற்போல் இன்னொரு 858. என்னடா இது, இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வருகின்றனவா என்றுதான் முதலில் நினைத்தேன். வலது கண்ணை மூடினால் ஒரு பேருந்து. திறந்தால் இரண்டு.

பலதுறை மருந்தகத்தில் பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவலி இல்லை, இமை தொங்கவில்லை, கண்மணி இரண்டும் ஒரே அளவு. ஸ்கேனும் எடுத்தார்கள். கடைசியில் சொன்னது: மூளையிலிருந்து வரும் ஆறாவது நரம்பு. வலது கண்ணை வெளிப்பக்கமாக இழுக்கும் தசைக்குப் போகிற நரம்பாம் அது. சர்க்கரையால் அந்த நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய் அடைத்திருக்கலாம், பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தானாகவே திரும்பிவிடும் என்றார் டாக்டர்.

அதுவரை சமாளிக்க, என் பழைய கண்ணாடியின் வலது லென்ஸில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள், பிரிசம் ஸ்டிக்கராம். சீட்டில் 12 என்று போட்டிருக்கிறது. போட்டதும் இரண்டு கதவு ஒரு கதவானது. அங்கேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகுதான் தொல்லை தெரிகிறது. அந்தக் கண்ணில் எல்லாமே மழை பெய்யும் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் மங்கல். கோடு கோடாக வேறு இருக்கிறது. பேரன் "தாத்தா, கண்ணாடி உடைஞ்சுபோச்சா?" என்கிறான்.

லென்ஸுக்குள்ளேயே பிரிசத்தை அரைத்துப் போடலாம், பளிச்சென்று இருக்கும் என்று மகள் ஒரு கடையில் கேட்டுவிட்டு வந்தாள். செலவு அதிகம்தான். போடலாமா? போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நேற்று தேக்காவுக்குப் போனோம். சிராங்கூன் சாலை தீபாவளி விளக்குகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எனக்கு மட்டும் இந்த ஆண்டு இரண்டு மடங்கு அலங்காரம்.

மல்லிகைச்சரம் | அக்டோபர் 18, இரவு 10.40

அண்ணே, இப்போது அரைக்காதீர்கள். நான் ஸ்டிக்கரை மூன்று முறை மாற்றியவள். என் கதையை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், பிள்ளைக்குத் தேர்வு.

கண்ணாடிக்கடை_தம்பி | அக்டோபர் 18, இரவு 11.55

மணி அண்ணே, நான் பேட்டைக் கடையில் 22 ஆண்டாக ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவன். பிரிசம் விற்றால் எனக்கு லாபம். இருந்தும் சொல்கிறேன், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஏன் என்று புரிய, அந்த 12 என்ன என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பட்டகம் என்று ஒன்றைப் படித்தோமே, வெள்ளை வெளிச்சத்தை வானவில்லாக்குமே, அதேதான் இது. ஒளி தடித்த பக்கமாக வளையும், நாம் பார்க்கும் பொருள் மெல்லிய பக்கமாக நகர்ந்ததுபோல் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் படத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அது 1 பிரிசம் டயாப்டர். உங்களுக்கு 12 என்றால் 20 மீட்டர் தூரத்தில் 240 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பேருந்தின் அகலம் 2.5 மீட்டர். இரண்டாவது 858 ஏன் ஒட்டினாற்போல் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

உங்கள் வலது கண் வெளியே போக வலுவில்லாமல் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் அந்தக் கண்ணின் படம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. தடித்த பக்கம் காதை நோக்கி இருக்கும்படி பிரிசம் வைத்தால், தள்ளி நின்ற படம் இடப்பக்கம் நகர்ந்து மற்றதன்மேல் உட்காரும். கண்ணை அது தள்ளுவதோ இழுப்பதோ இல்லை. கண் கோணலாகத்தான் இருக்கும், படத்தை அது இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது அரைக்கும் கதை. 50 மில்லிமீட்டர் அகல லென்ஸில், சாதாரணப் பிளாஸ்டிக்கில், 12 போட்டால் ஓர் ஓரம் மற்றதைவிட 12 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன். இரண்டு கண்ணுக்கும் 6, 6 என்று பிரித்துப் போடுவோம். அப்போதும் ஆளுக்கு 6 மில்லிமீட்டர். கனம் மூக்கில் ஏறும், விளக்கைப் பார்த்தால் ஓரத்தில் வண்ணம் பிரியும். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் நரம்பு திரும்பிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு 12, ஐந்து வாரத்தில் 8 ஆகலாம், அப்புறம் 3. அன்றைக்கு இந்த 12 உங்களுக்கு எதிரியாகிவிடும், அதுவே இரண்டாகக் காட்டும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். அரைத்த லென்ஸை உரிக்க முடியாது.

ஸ்டிக்கரின் கோடுகளைப் பற்றி: இந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவரின் பெயராலேயே பிரெனல் பிரிசம் என்கிறோம். பிரெஞ்சுக்காரர். கலங்கரை விளக்கத்துக்குப் பெரிய லென்ஸ் வேண்டியிருந்தது. முழுக் கண்ணாடியாகச் செய்தால் தூக்க முடியாது. வளைவும் சரிவும்தான் வேலை செய்கின்றன, நடுவில் இருக்கும் கனம் வீண் என்று அதைப் படிப்படியாக வெட்டி எறிந்தார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏற்றினார்கள். உங்கள் கண்ணாடியில் இருப்பதும் அதே யோசனைதான், சின்னச் சின்னப் பிரிசங்களை வரிசையாக அடுக்கிய ஒரு மில்லிமீட்டர் தகடு. படிகளின் விளிம்பில் ஒளி சிதறுவதால்தான் மங்கல். எண் ஏற ஏற மங்கலும் ஏறும். 12-க்கு நீங்கள் சொல்வது வழக்கமானதுதான்.

துடைக்கும்போது துணியால் தேய்க்காதீர்கள், கோடுகளுக்குள் அழுக்கு போய் உட்காரும். குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மென்மையான பல்துலக்கி. கழன்று வந்தால் பதற வேண்டாம். தண்ணீருக்குள் வைத்தே வழவழப்பான பக்கம் லென்ஸின் உட்புறத்தில் படும்படி ஒட்டி, கட்டைவிரலால் குமிழியை வெளியே தள்ளுங்கள். ஆனால் ஒட்டுமுன் எந்த ஓரம் காதுப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி ஒட்டினால் இரண்டு பேருந்துக்கும் நடுவில் இன்னும் இடைவெளி கூடும்.

இரவு_ஓட்டுநர் | அக்டோபர் 19, அதிகாலை 3.20

எனக்கும் இதே நரம்பு, இடது கண். போன ஆண்டு. தனியார் வாடகைக் கார் ஓட்டுபவன். டாக்டர் சொன்ன முதல் வார்த்தை "ஓட்டாதீர்கள்". வண்டி நின்றாலும் வாடகை நிற்காதே. மூன்று மாதம் என்ன பாடுபட்டேன் என்பது தனிக் கதை.

மணி அண்ணனுக்கு யாரும் இன்னும் சொல்லாத ஒன்று: இந்த ஸ்டிக்கர் நேராகப் பார்க்கும்போதுதான் வேலை செய்யும். நான் காரின் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் உடனே இரண்டு. வலப்பக்கம் திருப்பினாலோ ஸ்டிக்கரே இடைஞ்சல். கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள். என் மனைவி சொன்னாள், நான் ஆந்தைபோல் இருந்தேனாம்.

ஸ்டிக்கர் கொடுத்ததும் இனி ஓட்டலாம் என்று நானாக முடிவுசெய்தேன். நல்லவேளை, கண் அசைவைப் பரிசோதிக்கும் ஆர்தாப்டிஸ்ட் அம்மா கண்டுபிடித்து ஒரு திட்டு திட்டினார். சரியான திட்டு.

சந்தேகப்பிராணி | அக்டோபர் 19, காலை 8.05

எதற்கு இந்தக் கண்ணாடி எல்லாம்? ஊன்றுகோல் கொடுத்தால் கால் சோம்பேறியாகும். பேனா நுனியைப் பார்த்துக்கொண்டே மூக்குவரை கொண்டுவரும் பயிற்சி இருக்கிறது, என் மைத்துனர் மகனுக்கு இரட்டைப் பார்வை அதிலேயே சரியானது. ஒருமுறை பிரிசம் போட்டால் ஆயுளுக்கும் அதற்கு அடிமை என்கிறார்கள்.

கண்ணாடிக்கடை_தம்பி | அக்டோபர் 19, பிற்பகல் 1.30

ஐயா, மைத்துனர் மகனுக்குச் சரியானது உண்மையாகவே இருக்கலாம். படிக்கும்போது கண்கள் உள்பக்கம் குவிய மறுக்கும் கோளாறு ஒன்று உண்டு, இளவயதினரிடம் அதிகம். அதற்குப் பயிற்சி நன்றாகவே வேலை செய்யும். மணி அண்ணனுக்குக் கண் ஏற்கெனவே உள்பக்கம்தான் போயிருக்கிறது. அதை இன்னும் உள்ளே கூப்பிடும் பயிற்சி எதற்கு? நரம்பு செத்துக்கிடக்கும் தசையைப் பேனா காட்டி எழுப்ப முடியாது.

அடிமை விஷயத்தில் உங்களை முழுக்க மறுக்க மாட்டேன். காலங்காலமாக மறைந்திருந்த சாய்வு நடுவயதில் வெளியே வந்தவர்களில் சிலர் முதலில் 4 போடுவார்கள், சில ஆண்டு கழித்து 6 கேட்பார்கள். பிரிசம் கண்ணைக் கெடுத்துவிட்டது என்பதா, அதுவரை தசை முக்கி முக்கிச் சமாளித்தது இப்போது இளைப்பாறுகிறது என்பதா? நான் இரண்டாவது கட்சி. ஆனால் தேவைக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் இருப்பதுதான் நல்ல பரிசோதகருக்கு அழகு.

மல்லிகைச்சரம் | அக்டோபர் 19, இரவு 9.15

சொன்னபடி வந்துவிட்டேன். எனக்கு 44. தைராய்டால் வந்த கண் நோய். கண்ணைக் கீழே இழுக்கும் தசை வீங்கி இறுகிவிட்டது. அதனால் எனக்கு இரட்டை பக்கவாட்டில் இல்லை, மேலும் கீழும். நிமிர்ந்து பார்த்தால் இன்னும் மோசம். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தலைக்கு மேல் தொங்கும் பலகையைப் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். கர்வக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் எழுந்ததும்தான் எனக்கு அதிகம், போகப்போகக் குறையும். இதை டாக்டரிடம் சொன்னபோது உடனே எழுதிக்கொண்டார். காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமானால் வேறு நோயாம், நரம்பும் தசையும் பேசிக்கொள்ளாத மயஸ்தீனியா என்று ஒன்று. ஆகவே எந்த நேரத்தில் மோசம் என்று குறித்துவையுங்கள்.

18 மாதத்தில் மூன்று ஸ்டிக்கர். 8, அப்புறம் 15, அப்புறம் 10. நான் முதல் மாதமே அரைத்திருந்தால் மூன்று கண்ணாடி குப்பைக்குப் போயிருக்கும். கோணம் 6 மாதம் அசையாமல் நின்ற பிறகுதான் தசை அறுவை சிகிச்சை செய்தார்கள். முடிந்தபின் ஒரு 3 மட்டும் மிச்சம். அதை லென்ஸிலேயே அரைத்துப் போட்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. அரைப்பதற்கு நேரம் என்று ஒன்று இருக்கிறது அண்ணே, அது கடைசியில்.

எங்கள் வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். புகை இந்த நோயைக் கிளறிவிடுமாம். கணவர் விட்டது அப்படித்தான். எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

பொங்கோல்_அமுதா | அக்டோபர் 20, காலை 7.10

தீபாவளி வாழ்த்துகள் அனைவருக்கும்! எண்ணெய் தேய்த்த தலையோடு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் இரண்டு பேர். தமிழ் முரசு படித்தால் ஒழுங்காக ஒன்று. ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு, வயதானதால் கண் தசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார் தளர்ந்துவிட்டது என்றார்கள். தூரம் பார்க்கக் கண்கள் போதுமான அளவு விரியவில்லை. பையில் எலாஸ்டிக் தளர்வதுபோல் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கோணம் சின்னது, ஆடவும் இல்லை. ஸ்டிக்கரே இல்லாமல் நேராக 4, இரண்டு கண்ணுக்கும் 2, 2 என்று அரைக்கச் சொன்னார்கள். இங்கேதான் கூத்து. ஒரு கடையில் செய்து வாங்கினோம், போட்டதும் அம்மா "நாலு பேரு செய்தி வாசிக்கிறாங்க" என்றார். பழகிவிடும் என்று கடையில் இரண்டு வாரம் ஓட்டினார்கள். மருத்துவமனையில் கருவியில் வைத்துப் பார்த்தால் தடித்த பக்கம் மூக்கை நோக்கி! தலைகீழ். மாற்றிக் கொடுத்தார்கள், பெரிய மனதோடு அல்ல.

பிரிசம் கண்ணாடி வாங்குவோர், சீட்டில் எழுதிய திசையும் லென்ஸும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே கருவியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அம்மாவுக்குத் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி, படிக்க வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் புரோகிரசிவ் கேட்டோம், படிக்கும்போது அந்தப் பிரிசம் தேவையே இல்லையே என்று தடுத்துவிட்டார்கள். இப்போது செய்தி வாசிப்பவர் ஒருவர்தான்.

குறியாளன் | அக்டோபர் 22, இரவு 11.48

உங்கள் உரையாடல் இழைக்குள் வேறு கேள்வியோடு நுழைவதற்கு மன்னிக்கவும். வயது 31, கிட்டப்பார்வை மைனஸ் 9. இணையத்தில் வாங்கிய புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து மாலையானால் கண் வலி, எழுத்துக்கு மேல் எழுத்து நிழல்போல் நிற்கிறது. பழைய கண்ணாடியில் இல்லை. நரம்பா?

கண்ணாடிக்கடை_தம்பி | அக்டோபர் 23, நண்பகல் 12.20

தம்பி, முதலில் புதுக் கண்ணாடியோடு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நிழல் போனால் கீழே இருப்பதைப் படியுங்கள். ஒரு கண்ணிலேயே நிழல் இருந்தால் இரண்டு கண்ணும் ஒத்துப்போகாத பிரச்சினை அல்ல அது. கண்புரை, கருவிழி வறட்சி, சிதறல் பார்வை இப்படி ஏதாவது. அதற்கு உலகத்தில் எந்தப் பிரிசமும் உதவாது.

நிழல் போய்விட்டது என்றால் நான் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுவேன். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாவிட்டால் அதுவே பிரிசமாகிவிடும். கணக்கு எளிது: விலகல் சென்டிமீட்டரில், பெருக்கல் பவர். ஒரு லென்ஸின் மையம் 3 மில்லிமீட்டர் கீழே இருந்தால் 0.3 பெருக்கல் 9, அதாவது 2.7. மேலும் கீழுமான பிரிசம் 2 வந்தாலே பலருக்குத் தாங்காது. மைனஸ் 1 போடுபவருக்கு அதே தவறு 0.3-தான், அவர் கவனிக்கக்கூட மாட்டார். இத்தனை பேர் கிட்டப்பார்வையோடு இருக்கும் ஊரில் இதை யாரும் சொல்வதில்லை. எந்தக் கடைக்காவது போய் அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மல்லிகைச்சரம் | அக்டோபர் 23, இரவு 8.02

இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்கலாமே, தேடிக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். திடீரென்று இரண்டாகத் தெரிந்து, கூடவே இமை தொங்கினாலோ, ஒரு கண்மணி பெரிதாக விரிந்தாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ இழையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸ், 995.

கண்ணாடிக்கடை_தம்பி | அக்டோபர் 23, இரவு 8.30

அக்கா சொன்னதுதான். தொங்கும் இமையும் விரிந்த கண்மணியும் சேர்ந்தால் மூளை இரத்தக்குழாய் வீங்கி மூன்றாவது நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது மணிக்கணக்கு விஷயம்.

குறியாளன் | அக்டோபர் 25, இரவு 9.30

வலது லென்ஸின் மையம் 4 மில்லிமீட்டர் கீழே. நரம்பு இல்லை. நன்றி அண்ணா.

யீஷூன்_மணி | நவம்பர் 24, இரவு 9.50

அனைவருக்கும் நன்றி. அரைக்கவில்லை. இன்று மறுபரிசோதனை. இருட்டில் ஒரு கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கோடு போட்ட கண்ணாடியை வைத்து, வெள்ளை விளக்குக்கு எந்தப் பக்கம் கோடு நிற்கிறது என்று கேட்டார்கள். ஏணிபோல் இருக்கும் பிரிசப் பட்டையை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார்கள். கோடு விளக்கின் நடுவே போய் நின்ற இடம் 7.

பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டு 7 ஒட்டிக் கொடுத்தார்கள். மங்கல் பாதியாகிவிட்டது. ஓட்டுநர் தம்பி சொன்ன ஆந்தை வேலையும் பழகிவிட்டது. வலப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் ஸ்டிக்கர் இல்லாமலேயே ஒன்றாகத் தெரிகிறது. கோப்பிக் கடையில் என் இடப்பக்கம் உட்கார்பவர்கள், நான் அவர்களிடம் கோபம் என்று நினைக்கிறார்கள்.

இரவு_ஓட்டுநர் | நவம்பர் 25, அதிகாலை 4.05

நரம்பு வந்துகொண்டிருக்கிறது அண்ணே. எனக்கும் ஏழாவது வாரத்தில்தான் இறங்கத் தொடங்கியது.

சந்தேகப்பிராணி | நவம்பர் 25, காலை 8.15

ஸ்டிக்கரால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா?

யீஷூன்_மணி | நவம்பர் 25, இரவு 10.00

தானாகத்தான் ஐயா. ஸ்டிக்கர் எதையும் குணப்படுத்தவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆறு வாரமும் நான் மின்தூக்கிக் கதவில் இடித்துக்கொள்ளாமல், குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றாமல் இருந்தேன். முதல் மூன்று நாள் கறுப்புப் பட்டை கட்டியிருந்தபோது எம்ஆர்டியில் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள், அதை மட்டும் இழந்தேன்.

யீஷூன்_மணி | பிப்ரவரி 3, இரவு 9.20

போன மாதம் கடைசி அளவு 2. ஸ்டிக்கர் இல்லாமலேயே கண் சமாளிக்கிறது, உரித்துவிடலாம் என்றார்கள். கண்ணை வலப்பக்க ஓரம்வரை திருப்பிப் பார்த்தால் மட்டும் இன்னும் லேசாகப் பிரிகிறது. அது போகாமலும் இருக்கலாம், போனாலும் போகலாம் என்றார் டாக்டர். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1-இலிருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. மறுபடி வராமலிருக்க இதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் என்னை முறைத்தது எனக்கு ஒற்றையாகத்தான் தெரிந்தது.

தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை பால்குடம் எடுத்தேன். முன்னால் போன காவடியை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்று, ஒன்று, ஒன்று.

ஸ்டிக்கர் இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது பயன்படுமா?

கண்ணாடிக்கடை_தம்பி | பிப்ரவரி 3, இரவு 9.45

மகிழ்ச்சி அண்ணே. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது உங்கள் கண்ணாடிச் சட்டத்துக்கும் உங்கள் கண் கோணத்துக்கும் வெட்டியது. வைத்துக்கொள்வதானால் மடிக்காமல் ஏதாவது புத்தகத்துக்குள் தட்டையாக வையுங்கள். மடித்த இடத்தில் கோடு விழுந்துவிடும்.